4294967297 பகு எண் என்று கால்குலேட்டர் இல்லாமல் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். எங்கள் வீட்டில் கண்டுபிடித்திருக்கிறோம்.

உங்கள் பிள்ளை பள்ளியிலிருந்து இந்தக் கேள்வியோடு வந்திருக்கும் என்று நினைக்கிறேன். இது 2-இன் 32ஆம் அடுக்கோடு 1 கூட்டி வருகிற எண். அடுக்கை 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே வந்தால் 3, 5, 17, 257, 65537 என்று இதே வரிசையில் முன்னால் வருகிற ஐந்தும் பகா எண்கள். அதனால் வரிசையில் வருவதெல்லாம் பகா எண்தான் என்று ஃபெர்மா என்ற கணித மேதை நம்பினார். 1732-இல் ஆய்லர் என்ற இன்னொரு கணித மேதை இந்த 4294967297-ஐ 641-ஆல் மீதியில்லாமல் வகுத்துக் காட்டினார்.

1994, நான் பிளஸ் ஒன். ஆசிரியர் இதை வீட்டுக்கணக்காகக் கொடுத்தார். அப்பா நெல் மண்டியில் கணக்கு எழுதுகிறவர். நான் பகா எண்களை வரிசையாகச் சொல்ல, அவர் மண்டியில் கொடுத்த பழைய டைரியில் வகுத்துக்கொண்டே போனார். 2, 3, 5, 11 எல்லாம் வாய்க்கணக்கிலேயே போயின. மற்றவற்றுக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பத்து, பன்னிரண்டு வகுத்தல். 641 என்பது 116ஆவது பகா எண். அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. இரண்டாவது படியில் மீதி 448, அடுத்த இலக்கம் 9-ஐ இறக்கினால் 4489, அதில் 4487 போக மீதி 2. கடைசிப் படியில் மறுபடியும் அதே 448, இந்தத் தடவை இறக்கியது 7. மீதி பூஜ்யம். ஈவு 6700417. அப்பா பேனாவை மூடிவிட்டு, "இன்னொரு தடவை சரிபார்த்துருவோம்டா" என்றார்.

மறுநாள் ஆசிரியர் நோட்டைப் பார்த்துவிட்டு, "கால்குலேட்டர்ல போட்டுட்டு கதை விடாதே" என்று வகுப்பின் முன்னால் சொன்னார். எங்கள் தெருக்கடையில் கிடைத்த கால்குலேட்டர் எட்டு இலக்கம்தான் காட்டும், இந்த எண்ணுக்குப் பத்து இலக்கம். அதைக்கூட அவர் யோசிக்கவில்லை. அப்பா எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர் என்று தெரிந்ததும் அவர் முகத்தில் வந்த இளக்காரம் இன்னும் கண்ணில் நிற்கிறது. பட்டம் இல்லாதவனுக்குக் கணக்கு வராது என்ற நினைப்பை நான் பிறகு பல அலுவலகங்களிலும் பார்த்துவிட்டேன்.

"கம்ப்யூட்டரில் ஒரு நொடி வேலை" என்று யாராவது கீழே எழுதுவீர்கள். தெரியும். கேட்டவர் கையால் முடியுமா என்றுதான் கேட்டிருக்கிறார்.

அத்தனை வகுத்தலும் தேவையில்லை என்று கல்லூரியில்தான் தெரிந்தது. இந்த எண்ணை வகுக்கிற எந்தப் பகா எண்ணும் 64-இன் மடங்கோடு 1 கூட்டியதாகத்தான் இருக்கும். அப்படிப் பார்த்தால் 193, 257, 449, 577, அடுத்தது 641. அப்பாவிடம் சொன்னபோது டைரியை எடுத்து அந்த ஐந்து பக்கத்தையும் மடித்து வைத்தார்.

பிள்ளையிடம் அந்த ஐந்தையும் கொடுங்கள். முதல் நான்கிலும் மீதி வரும், அங்கே நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.