மாமனார் விட்டுப்போன த்ரீ-நாட்-த்ரீ

கேள்வி: அண்ணா, என் மாமனார் தென்னாப்பிரிக்காவில் ஸ்டேங்கர் பக்கம் கரும்பு போட்டவர். அவர் போனபிறகு அவருடைய த்ரீ-நாட்-த்ரீ ரைஃபிள் என்னிடம் வந்தது, உரிமமும் என் பேருக்கு வந்துவிட்டது. 100 மீட்டரில் ஐந்து குண்டு போட்டால் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறுகிறது. தோளில் வைக்கும் பின்கட்டை ஆடுகிறது. பேரல், அதாவது குழல், உள்ளே கறுப்பு. துப்பாக்கி பழுது பார்க்கும் கன்ஸ்மித் ஒருவர் புது பேரல், நீலப்பூச்சு, ஸ்கோப் எல்லாம் போட்டுப் புதுசாக்கித் தருகிறேன் என்கிறார், ஆனால் அவர் கேட்கும் காசுக்கு வேறு ஒரு நல்ல ரைஃபிளையே வாங்கிவிடலாம். மச்சான் வித்துத் தொலை என்கிறார், வீட்டுக்காரி அப்பா துப்பாக்கி என்கிறாள். என்ன செய்ய? (டோங்காட் வாசகர்)

பதில்: தம்பி, எவ்வளவு கேட்டார் என்று எழுதிய நீங்கள் அது எந்த த்ரீ-நாட்-த்ரீ என்று எழுதவில்லையே. தோட்டா உள்ளே இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டு) கைப்பிடிக்குக் கீழே வலப்பக்கம் இருக்கும் இரும்புப் பட்டையை எண்ணெய் தொட்ட துணியால் துடையுங்கள். கிரீடம், ஜார்ஜ் மன்னரைக் குறிக்கும் ஜிஆர் எழுத்து, பட்டறைப் பெயர், 1916, 1917 மாதிரி ஒரு வருஷம், இதெல்லாம் தெரிந்தால் அது முதல் உலகப்போர்க் கால பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான ஷார்ட் லீ-என்ஃபீல்ட். இங்கிலாந்தில் மட்டுமில்லை, ஆஸ்திரேலியாவில் லித்கோவிலும் இந்தியாவில் இஷாப்பூரிலும்கூட அதைச் செய்தார்கள். யூ எழுத்துக்குள் அம்புக்குறி இருந்தால் தென்னாப்பிரிக்க ராணுவத்திடம் இருந்தது என்று அர்த்தம்.

அப்புறம் குழலுக்குக் கீழே இருக்கும் முன்கட்டையைப் பாருங்கள். குழல் முனைவரை மரம் போகிறது என்றால் யாரும் வெட்டாத அசல் துப்பாக்கி, அதில் துளை போடவும் தேய்க்கவும் யாரையும் விடாதீர்கள், சேகரிப்பவர்கள் அந்த அசலுக்குத்தான் காசு கொடுப்பார்கள். பாதியில் வெட்டி வேட்டைத் துப்பாக்கியாக்கியிருந்தால் அந்த மதிப்பு எப்போதோ போய்விட்டது, கொஞ்சம் தாராளமாக யோசிக்கலாம்.

இப்போது அந்த ஆட்டம். தயவுசெய்து நீங்களே நீள ஸ்க்ரூடிரைவரைப் பின்பக்கமாக விட்டு முறுக்கிவிடாதீர்கள். ஷார்ட் லீ-என்ஃபீல்டில் பின்கட்டையைப் பிடித்திருக்கும் நீள மரையாணியின் முனை சதுரமாக இருக்கும், அது முன்கட்டைக்குள் ஒரு தகட்டில் உட்கார்ந்திருக்கிறது. முன்கட்டையைக் கழற்றாமல் மரையாணியைத் திருகினால் அந்தச் சதுர முனை மரத்தைப் பிளந்துவிடும். அழகான வால்நட் கட்டை இப்படி வாய் பிளந்து கிடப்பதை நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், எல்லாம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் நடந்த வைத்தியம். முதலில் முன்கட்டை, அப்புறம் பின்கட்டை. அந்த முன்கட்டை ரிசீவரோடு (போல்ட் ஓடும் இரும்பு உடம்போடு) இறுக்கமாக உட்காராததுதான் இந்த ரகத்தில் குண்டு சிதறுவதற்குப் பெரிய காரணம், பேரல் மேல் பழி போடுவது அதற்குப் பிறகுதான்.

பேரல் உள்ளே கறுப்பு என்றீர்கள். அது துருக்குழியா, வெறும் அழுக்கா? செம்பு கரைக்கும் திரவத்தை வாங்கி, பின்பக்கமிருந்து துணி விட்டுத் துடையுங்கள், துணி நீலமாக வருகிறவரைக்கும் குண்டு விட்டுப்போன செம்பு இன்னும் உள்ளே இருக்கிறது. நாலு சாயங்காலம்கூட ஆகலாம். பழைய ராணுவத் தோட்டாவின் உப்பு குழலை அரிக்கும், நம் கடற்கரைக் காற்றும் அதற்குக் கூட்டு, அதனால் கொஞ்சம் குழி இருக்கத்தான் செய்யும், குழி இருந்தும் நன்றாகச் சுடுகிற குழல்கள் நிறைய உண்டு. குழல் முனையையும் கவனியுங்கள். சிப்பாய்கள் கயிற்றில் துணி கட்டி இழுத்துத்தான் துடைப்பார்கள், கோணலாக இழுத்து இழுத்து ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். முனைக்குள் கொஞ்சம் குடைந்து புது விளிம்பு எடுத்தால் போதும், சின்ன வேலை, வெளியே தெரியவும் தெரியாது.

இன்னொன்று, நீங்கள் சுட்ட வெற்றுத் தோட்டாவைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் உருட்டிப் பாருங்கள். அடிவிளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே பளிச்சென்று ஒரு வளையம் ஓடுகிறதா? ஓடினால் போல்ட்டுக்கும் குழலுக்கும் நடுவே இடைவெளி கூடிவிட்டதோ என்று சந்தேகப்படணும். தோட்டா அந்த வளையத்தில்தான் அறுந்துபோகும். கன்ஸ்மித் கேஜ் என்ற அளவுக்கருவி போட்டு அளக்கும்வரை சுடாதீர்கள். காசு செலவழிக்க எனக்குத் தெரிந்த முதல் நியாயமான காரணம் இதுதான்.

மற்றதெல்லாம் வேண்டாம். நீலப்பூச்சுக்கு முன் இரும்பை மெருகேற்றுவார்கள், முத்திரையும் வரிசை எண்ணும் மழுங்கும். அந்த எண் காணாமல் போனால் 2000-ஆம் ஆண்டு துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அது தடைசெய்யப்பட்ட துப்பாக்கி ஆகிவிடும், மாமனார் ஞாபகமும் போலீஸ் லாக்கருக்குப் போகும். புது பேரல் அதே சட்டத்தில் முக்கிய உதிரிப்பாகம், அதற்கும் காகித வேலை இருக்கிறது. ஸ்கோப் வேண்டும் என்றால் ஸ்கோப் போட்டே வருகிற ரைஃபிளை வாங்குங்கள். கரும்புக்குள் வரும் காட்டுப்பன்றிக்கும் 80 மீட்டர் இம்பாலாவுக்கும் இரும்புக் குறியே போதும், கண் மங்கினால் துளை வழியே பார்க்கிற துளைக்குறி மாட்டிக்கொள்ளலாம்.

ஆக, சுத்தம் பண்ணுங்கள், பிஎம்பி கம்பெனியின் 174 கிரெயின் (குண்டின் எடை) மாதிரி ஒரே வகைத் தோட்டாவில் சுட்டுப் பாருங்கள், அப்புறம் இடைவெளி, முனை, முன்கட்டை மூன்றையும் பார்த்துச் சொல்லுங்கள் என்று மட்டும் கன்ஸ்மித்திடம் கொடுங்கள். அவருடைய உரிமத்தைக் கேட்டுப் பாருங்கள், எண் எழுதிய ரசீது வாங்குங்கள். மூன்றும் சரியாகியும் தட்டளவு சிதறினால் மச்சான் பேச்சைக் கேட்கலாம்.

நான் ஒரு தடவை ஒரு கன்ஸ்மித்திடம் முனையை மட்டும் பாருங்கள் என்று கொடுத்துவிட்டு வந்தேன். பாவம், நல்ல மனசு அவருக்கு, கேட்காமலே கட்டையைச் சுரண்டி வார்னிஷ் அடித்து, காவடி மாதிரி மின்ன மின்னத் திருப்பிக் கொடுத்தார். எழுபது வருஷக் கைப்பிடி நிறம் ஒரே நாளில் போச்சு. அதனால் மரத்தைத் தொடக்கூடாது என்றும் அந்த ரசீதிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.