வல்லரசுகள் பிற நாடுகளில் தலையிடுவது எண்ணெய்க்காகத்தானா?

ஒரு வல்லரசு இன்னொரு நாட்டுக்குள் புகும்போது உண்மையான காரணம் எண்ணெயா, வல்லரசுப் போட்டியா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் தனித்தனியாக வைத்துப் பார்த்தால் பாதிதான் புரியும். எண்ணெயை அள்ளிக்கொண்டு போகவே படை அனுப்பினார்கள் என்று சொல்லக்கூடிய சம்பவங்கள் நாம் நினைப்பதைவிடக் குறைவு. அது எதிராளியின் கைக்குப் போய்விடுமோ, அது வரும் வழியை அவன் அடைத்துவிடுவானோ என்ற பயத்தில் நடந்தவைதான் அதிகம் என்பேன்.

ஈரானை எடுத்துக்கொள்ளுங்கள். 1951இல் பிரதமர் மொசாதெக்கின் அரசு ஆங்கிலோ-ஈரானியன் எண்ணெய் நிறுவனத்தை நாட்டுடைமையாக்கியது. அதில் பெரும்பான்மைப் பங்கு பிரிட்டிஷ் அரசிடம் இருந்தது. அபதானில் அந்த நிறுவனம் நடத்திய சுத்திகரிப்பு ஆலை அன்றைக்கு உலகிலேயே பெரியது. பிரிட்டனுக்குக் கோபம் வராமல் இருக்குமா? தன் பொறியாளர்களைத் திருப்பி அழைத்துக்கொண்டது. ஈரான் எண்ணெயை வேறு யாரும் வாங்கவிடாமல் தடுத்தது. 1952இல் ரோஸ் மேரி என்ற கப்பல் அந்த எண்ணெயை ஏற்றிக்கொண்டு வந்தபோது, அதை ஏடன் துறைமுகத்தில் பிடித்துவைத்து, சரக்கு தங்களுடையது என்று வழக்குப் போட்டார்கள்.

இத்தனை செய்தும் மொசாதெக் அசையவில்லை. ஆட்சியைக் கவிழ்க்க அமெரிக்காவின் துணை தேவைப்பட்டது. அன்றைய அமெரிக்க அதிபர் ட்ரூமன் அதற்கு இசையவில்லை. பிரிட்டனின் எண்ணெய் நஷ்டத்துக்காக வாஷிங்டன் கை கொடுக்காது என்று புரிந்ததும், பிரிட்டிஷ் உளவுத்துறை பேச்சை மாற்றியது: இப்படியே விட்டால் துதே என்ற கம்யூனிஸ்ட் கட்சி மேலே வரும், ஈரான் சோவியத் பக்கம் சாய்ந்துவிடும். அடுத்து வந்த ஐசனோவர் அரசிடம் இது எடுபட்டது. 1953 ஆகஸ்டில் மொசாதெக் வீழ்த்தப்பட்டார். அந்தக் கவிழ்ப்பு தாங்கள் நடத்தியது என்பதை ஒப்புக்கொள்ளும், அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் ஆவணங்கள் 2013இல்தான் வெளியாயின. 1954இல் ஈரான் எண்ணெயை நடத்த ஒரு கூட்டமைப்பு உருவானது. பழைய பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு 40 சதவீதம், அதுவரை அங்கே கால் வைக்க முடியாதிருந்த அமெரிக்க நிறுவனங்களுக்கு 40 சதவீதம். சண்டையைத் தொடங்கி வைத்தது எண்ணெய். கவிழ்ப்புக்குச் சம்மதம் வாங்கிக் கொடுத்தது சோவியத் பயம்.

இதைவிடத் தெளிவாக இந்த விஷயத்தைக் காட்டுவது குவைத் கப்பல் விவகாரம். ஈரான்–ஈராக் போரில் குவைத் ஈராக்குக்குப் பணம் கொடுத்தது. அதனால் ஈரான் குவைத்தின் எண்ணெய்க் கப்பல்களைத் தாக்கியது. 1986 கடைசியில் குவைத் அமெரிக்காவிடமும் சோவியத்திடமும் ஒரே சமயத்தில் உதவி கேட்டது. வாஷிங்டன் முதலில் இழுத்தடித்தது. சோவியத் தன் கப்பல்களை வாடகைக்குத் தர முன்வந்த செய்தி வந்ததும் தயக்கம் பறந்துவிட்டது. குவைத்தின் 11 கப்பல்கள் அமெரிக்கக் கொடிக்கு மாற்றப்பட்டு, அமெரிக்கக் கடற்படை காவல் வந்தது. 1987 ஜூலை 24 அன்று, முதல் அணியிலேயே பிரிட்ஜ்டன் என்ற பெரிய கப்பல் கண்ணிவெடியில் மோதியது. கண்ணிவெடியை அந்தப் பெரிய கப்பல் தாங்கும், போர்க்கப்பல்கள் தாங்காது. அதனால் காவலுக்கு வந்த போர்க்கப்பல்கள் காயம்பட்ட கப்பலை முன்னால் விட்டு அதன் பின்னால் வரிசையாகப் போயின. இத்தனைக்கும் அன்று வளைகுடா எண்ணெயில் பெரும்பகுதி போனது ஐரோப்பாவுக்கும் ஜப்பானுக்கும். அமெரிக்கா காத்தது தன் வீட்டு எரிபொருளை மட்டுமல்ல, அந்தக் கடலில் தனக்கிருந்த இடத்தையும். வளைகுடாவை வெளிச்சக்தி எதுவும் கைப்பற்ற முயன்றால் ராணுவ பலத்தாலும் தடுப்போம் என்று அப்போதைய அமெரிக்க அதிபர் கார்ட்டர் 1980 ஜனவரியிலேயே அறிவித்திருந்தார். சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்து ஒரு மாதம்கூட ஆகாத நேரம் அது.

எண்ணெய் மட்டும்தான் காரணம் என்பவர்கள் ஆப்பிரிக்காவின் அங்கோலாவையும் பார்க்க வேண்டும். 1980களில் அங்கே கபிண்டா என்ற பகுதியில் எண்ணெய் எடுத்தது அமெரிக்க நிறுவனம். அரசு மார்க்சிய அரசு. அந்த எண்ணெய் வயலுக்குக் காவல் நின்றது கியூபப் படை. அதே அரசை எதிர்த்துப் போரிட்ட யுனிட்டா என்ற கிளர்ச்சிப் படைக்கு ஆயுதம் கொடுத்தது அமெரிக்காவின் ரீகன் அரசு! கம்பெனி லாபம் ஒரு பக்கம் இழுக்க, பனிப்போர் கணக்கு மறுபக்கம் இழுத்தது. வாஷிங்டனில் ஜெயித்தது பனிப்போர் கணக்குதான். சிரியாவும் அப்படித்தான். அங்கே எண்ணெய் கொஞ்சம்தான். 2015இல் ரஷ்யா இறங்கியதற்கு அங்கே தார்தூஸில் இருந்த அதன் கடற்படைத் தளமும், லிபியாவில் நடந்தது இங்கேயும் நடக்கக் கூடாது என்ற உறுதியும் பெரிய காரணங்கள். 2011இல் லிபியாவில் ராணுவ நடவடிக்கைக்கு வழிவிட்ட ஐநா தீர்மானத்தில் ரஷ்யாவும் சீனாவும் வாக்களிக்காமல் ஒதுங்கின. லிபியாவை ஆண்ட கடாஃபி விழுந்ததைப் பார்த்த பிறகு, சிரியா விஷயத்தில் இரண்டும் வீட்டோ போட்டன.

சரி, ஈராக்? அமெரிக்காவின் 2003 படையெடுப்பை எண்ணெய்க் கொள்ளை என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் ஈராக் எண்ணெய் வயல்களுக்கு 2009இல் நடந்த ஏலத்தைப் பார்ப்பதில்லை. மிகப் பெரிய ருமைலா வயலை எடுத்தது பிரிட்டனின் பிபி, சீனாவின் சிஎன்பிசி என்ற எண்ணெய் நிறுவனங்கள் சேர்ந்து. கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் அவர்களுக்குக் கிடைக்கும் கட்டணம் இரண்டு டாலர். அமெரிக்கக் கம்பெனிகளுக்குக் கிடைத்தது எதிர்பார்த்ததைவிடக் குறைவு. அதற்காக எண்ணெய்க்கும் அந்தப் போருக்கும் சம்பந்தமில்லை என்று நான் சொல்லமாட்டேன். உலக எண்ணெயின் பெரும்பங்கு இருக்கும் வட்டாரம் என்பதால்தான் ஈராக்கை ஆண்ட சதாம் வாஷிங்டனுக்கு அத்தனை பெரிய விஷயமானார்.

எண்ணெயா போட்டியா என்ற விவாதத்தில் அந்த மண்ணில் வாழ்பவர்கள் காணாமல் போய்விடுகிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான். ருமைலா வயல் இருப்பது பாஸ்ரா மாகாணத்தில். ஈராக்கின் எண்ணெய் ஏற்றுமதியில் பெரும்பகுதி அந்த மாகாணத்தின் துறைமுகங்கள் வழியாகத்தான் போகிறது. 2018 கோடையில் மின்சாரமும் குடிநீரும் வேலையும் கேட்டு அந்த ஊர் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். மாசடைந்த தண்ணீரால் நோயுற்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். போராடியவர்கள்மீது துப்பாக்கிச் சூடும் நடந்தது, பலர் இறந்தார்கள்.