பழமையான பேராலயங்களைச் சுற்றிப் பார்க்கக் கட்டணம் வாங்குவது சரியா?

இங்கிலாந்தில் சரி. பிரான்ஸில் தேவையில்லை. கூரைச் செலவு யார் தலையில் விழுகிறது என்பதுதான் விஷயம்.

லண்டன் செயின்ட் பால்ஸ் பேராலய வாசலில், ஆளுக்கு 25 பவுண்டு போல ஆகும் என்றதும் எரிச்சலாகி, "பாரிஸ் நோத்ர தாம் பேராலயத்தில் சும்மாதானே விடுகிறார்கள்" என்று கேட்கிறீர்கள் போல. நோத்ர தாம் அரசின் சொத்து. 1905-ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்படிப்பட்ட ஆலயங்களைப் பார்க்கக் காசு வாங்கவே கூடாது. 2024-இல் கலாசார அமைச்சர் ரஷிதா தாதி 5 யூரோ வாங்கலாமே என்றபோது பாரிஸ் மறைமாவட்டமே மறுத்துவிட்டது. கோபுரம் ஏறுவது போன்றவற்றுக்குத்தான் டிக்கெட் உண்டு.

இங்கிலாந்தில் மன்னரே திருச்சபைத் தலைவர் என்பதால் அரசாங்கம் பணம் கொடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அன்றாடச் செலவுக்கு ஒரு பைசா வராது. முதல் உலகப் போர் நூற்றாண்டையொட்டி 2014 முதல் 2018 வரை பழுதுபார்க்க 4 கோடி பவுண்டு ஒதுக்கினார்கள்; அதையும் பல பேராலயங்கள் பங்குபோட்டுக்கொண்டன.

செலவு எங்கே போகிறது? ஈயக் கூரையை எடுத்துக்கொள்ளுங்கள். வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும் ஈயத் தகடு, தன் கனத்தாலேயே சரிவில் மெல்ல இறங்கும். இழுபட்ட இடத்தில் விரிசல் விடும். தண்ணீர் உள்ளே போய் ஓக் உத்தரத்தை அரிக்கும். கீழே நிற்பவருக்கு எதுவும் தெரியாது. கறை தெரியும்போது மரம் ஏற்கெனவே உளுத்திருக்கும். தகட்டைக் கழற்றி உருக்கி, மணல் படுக்கையில் மறுபடி வார்க்க வேண்டும். கண்ணாடியும் அப்படித்தான். யார்க் நகரப் பேராலயமான யார்க் மின்ஸ்டரின் கிழக்குச் சாளரத்தில் 311 கண்ணாடிப் பலகங்கள். அதன் சீரமைப்பு 2018-இல் முடியப் பத்தாண்டு போல ஆனது.

உண்டியல் போதாதா என்பீர்கள். டர்ஹாம் பேராலயம் கட்டணமில்லாமல் நன்கொடையை நம்பித்தான் நடக்கிறது, பாராட்டுகிறேன். ஆனால் பையில் சில்லறையே இல்லாத காலம் இது. உண்டியலோடு கார்டு இயந்திரமும் வைத்தே ஆக வேண்டும்.

பக்தரிடம் காசு பிடுங்குவதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். ஜெபிக்கக் கட்டணம் இல்லை. செயின்ட் பால்ஸில் அதற்கென்றே செயின்ட் டன்ஸ்டன் சிற்றாலயம் இருக்கிறது. மாலை ஆராதனைக்குப் போனால் பாடகர் குழுவையும் இலவசமாகக் கேட்கலாம். கெடுப்பவர்கள் "ஜெபம்" என்று சொல்லி நுழைந்து செல்ஃபி எடுப்பவர்கள்தான். அவர்களால் உண்மையாகவே மண்டியிட வந்தவரையும் வாசலில் சந்தேகமாகப் பார்க்கிறார்கள்.

இங்கிலாந்தில் வருமான வரி கட்டுபவரா? டிக்கெட் வாங்கும்போது 'கிஃப்ட் எய்ட்' என்ற நன்கொடை வரிச் சலுகைக் கட்டத்தில் டிக் செய்யுங்கள். 20 பவுண்டு கொடுத்தால் வரித்துறை மேலும் 5 பவுண்டு ஆலயத்துக்குத் தரும். அதற்கு ஆலயம் உங்களை ஓராண்டு திரும்பத் திரும்ப வர அனுமதிக்க வேண்டும், இல்லையென்றால் நீங்கள் 10 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும். பல டிக்கெட்டுகள் 12 மாதம் செல்லுவது இதனால்தான், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வயிறு எரிகிறது. அங்கே புது வீடு கட்டினால் வாட் வரி பூஜ்யம். 900 வருடச் சுவரைப் பழுதுபார்த்தால் 20 சதவீதம். அதைத் திருப்பித் தர 2001-இல் வந்த மானியத்துக்கும் 2025 ஏப்ரலில் ஓர் ஆலயத்துக்கு ஆண்டுக்கு 25,000 பவுண்டு என்று வரம்பு போட்டார்கள். அதாவது 1,25,000 பவுண்டு வேலைக்குத்தான் தாங்கியது. பெரிய கோபுரம் ஒன்றுக்குச் சாரம் கட்டி இறக்கவே அது கரைந்துவிடும்.