இங்கிலாந்துக் கால்பந்து அணியான டாட்டன்ஹாமுக்கு ‘ரசிகர்களைக் கைவிடும் அணி’ என்ற பெயர் நியாயமானதா?

பெருமளவு நியாயம்தான், அந்த அணியை நேசிப்பவனாகவே சொல்கிறேன். தோற்பதால் மட்டும் இந்தப் பெயர் வரவில்லை. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகும் விதம்தான் காரணம்.

2020 அக்டோபரில் வெஸ்ட் ஹாமுக்கு எதிரான ஆட்டத்தைப் பாருங்கள். 16 நிமிடங்களில் டாட்டன்ஹாம் 3-0 என முன்னிலை. 82ஆவது நிமிடம் வரை அதே நிலை. அதன்பின் தலையால் முட்டிய ஒரு கோல், டாட்டன்ஹாம் வீரரே தம் வலைக்குள் தள்ளிய ஒரு கோல், 94ஆவது நிமிடத்தில் பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்து வெஸ்ட் ஹாமின் லான்சினி உதைத்த பந்து. 3-3. அந்தக் கடைசிப் பந்து வலையில் விழுந்தபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை. நெஞ்சு வெறுமையாக இருந்தது.

2016இல் இன்னும் மோசம். லெஸ்டர் அணி பிரீமியர் லீக் பட்டத்தை வென்றுவிட்டது, சரி. கடைசி நாளில் டிரா செய்திருந்தால் இரண்டாமிடம். எதிரே ஏற்கெனவே கீழ்ப் பிரிவுக்குத் தரமிறக்கம் உறுதியான நியூகாசில், அதுவும் கடைசிப் பகுதியில் பத்துப் பேருடன். 5-1 என்று தோற்று, பரம எதிரியான ஆர்சனலுக்கு அந்த இடத்தைக் கொடுத்தார்கள்.

வீரர்களை மட்டும் குறை சொல்வது சரியல்ல. 2021இல் லீக் கோப்பை இறுதிப் போட்டிக்கு ஆறு நாட்களே இருந்தபோது பயிற்சியாளர் மொரின்யோவை நீக்கியது நிர்வாகம். போட்டியும் கைநழுவியது.

ஆனால் 2025இல் பில்பாவோவில் மான்செஸ்டர் யுனைடெட்டை 1-0 என வென்று ஐரோப்பிய கிளப்புகளின் போட்டியான யூரோப்பா லீக் கோப்பையைத் தூக்கினார்கள். 2008க்குப் பின் முதல் கோப்பை. அதே பருவத்தில் பிரீமியர் லீக்கில் 20 அணிகளில் 17ஆம் இடம். ரசிகர்களின் வாதம் இன்னும் ஓயாததற்கு இதுவே காரணம்.