கன்றுக்கு மூட்டு வீங்கினால் நடக்க விடுவதா, படுக்க விடுவதா?

கேள்வி: ஜெர்சி கலப்பினக் கிடேரிக் கன்று, பிறந்து 14 நாள் ஆகிறது. முன்னங்கால் முட்டி இரண்டும் இடது பின்னங்கால் குதிமூட்டும் வீங்கிச் சூடாக இருக்கின்றன. தூக்கி நிறுத்தினால் நிற்கிறது, விட்டால் படுத்துவிடுகிறது. பால் குடிக்கிறது. மருந்துக்கடையில் சொன்னபடி ஒரு ஆன்டிபயாடிக்கும் ஒரு வலி ஊசியும் மூன்று நாள் போட்டோம். வீக்கம் வடிந்து எழுந்து நடந்தது. ஊசியை நிறுத்திய இரண்டாம் நாளே பழையபடி வீங்கிவிட்டது. என் மாமியாருக்கு முடக்குவாதம் உண்டு. "படுக்க விட்டால் கால் மடங்கிப் போகும், நடக்க வை" என்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் அசையவே விடாதே என்கிறார். சூடு போட்டால் சரியாகிவிடும் என்றும் சிலர் சொல்கிறார்கள். என்ன செய்வது? அடுத்த மாடு ஒரு மாதத்தில் ஈனப் போகிறது, அதற்கும் சொல்லுங்கள்.
- கறவை மாடு வளர்ப்பவர், சத்தியமங்கலம் வட்டாரம்

பதில்: உங்கள் மாமியார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, தோட்டத்துக்காரர் சொல்வதிலும் இருக்கிறது. இரண்டும் வேறு வேறு நாளுக்கு உரிய யோசனைகள், அவ்வளவுதான். மூட்டு சூடாகவும் விண்ணென்றும் இருக்கும் இப்போது தோட்டத்துக்காரர் பேச்சைக் கேளுங்கள். சூடும் காய்ச்சலும் அடங்கிய பிறகு மாமியார் சொன்னதைச் செய்யுங்கள். சூடு போடுவது எந்த நாளிலும் வேண்டாம். ஆனால் எதற்கும் முன்னால், இன்றே கால்நடை மருத்துவர் கன்றைப் பார்த்தாக வேண்டும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் 1962-க்குப் போன் செய்தால் நடமாடும் மருத்துவ வண்டி வரும்.

ஒன்றுக்கு மேற்பட்ட மூட்டு, அதுவும் பிறந்த சில நாளிலேயே வீங்கினால் அது அடிபட்ட வீக்கம் அல்ல. அடிபட்டால் பெரும்பாலும் ஒரு கால்தான் பாதிக்கும். உங்கள் கன்றுக்கு வந்திருப்பது தொப்புள் வழியாக வந்த மூட்டு அழற்சியாகவே தெரிகிறது. கொடி அறுந்த ஈர வாயில் சாணமும் கோமியமும் படுகின்றன. ஈ. கோலி, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற கிருமிகள் உள்ளே போகின்றன. தொப்புள் சிரை நேராக ஈரலுக்குப் போகிறது. அங்கிருந்து ரத்தத்தோடு கலந்து உடம்பு முழுக்கச் சுற்றும் கிருமி, கடைசியில் மூட்டில் தங்குகிறது.

ஏன் மூட்டில் தங்குகிறது என்று தெரிந்துகொண்டால் மருத்துவத்தின் பாதி புரிந்துவிடும். மூட்டை உள்பக்கம் போர்த்தியிருக்கும் சவ்வுக்கு ரத்த ஓட்டம் மிக அதிகம். அதன் நுண்குழாய்களில் சின்னச் சின்னத் துளைகள் உண்டு, சவ்வின் உள்வரிசைக்குத் தடுப்பாக அடித்தள உறையும் இல்லை. மூட்டு நீர் ஊறுவதற்காக இருக்கும் அந்த ஏற்பாட்டிலேயே கிருமியும் எளிதாக மூட்டு நீருக்குள் இறங்கிவிடுகிறது. எலும்பு முனையில் மூடியிருக்கும் குருத்தெலும்புக்கோ ரத்தக் குழாயே கிடையாது. அதற்குச் சாப்பாடு மூட்டு நீரிலிருந்துதான். கால் ஊன்றும்போது அமுங்கிக் கழிவு நீரை வெளியே தள்ளும், காலை எடுக்கும்போது பஞ்சு போலப் புது நீரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால்தான் நல்ல மூட்டுக்கு நடை அவசியம். மாமியாருக்கு அவர் டாக்டர் நடக்கச் சொன்னதற்கும் இது ஒரு காரணம்.

ஆனால் அவருக்கு இருக்கும் முடக்குவாதத்தில் மூட்டைத் தாக்குவது அவருடைய உடம்பின் எதிர்ப்புச் சக்தியே. உள்ளே கிருமி இல்லை. கன்றின் மூட்டில் கிருமியும் சீழும் இருக்கின்றன. நீர் நிறைந்து விண்ணென்று இருக்கும் மூட்டை மடக்கி நீட்டினால் உள்ளே அழுத்தம் சட்டென்று ஏறும். அந்த அழுத்தம் சவ்வின் நுண்குழாய்களை நசுக்கும். ரத்தம் வருவது நிற்கும், பிராணவாயு குறையும், ஊசியில் போட்ட மருந்தும் அங்கே போய்ச் சேராது. காலைத் தளர்த்தியதும் ரத்தம் திரும்பப் பாயும்போது சவ்வில் இன்னும் கொஞ்சம் சேதம். மனிதர்களின் வீங்கிய முடக்குவாத மூட்டிலும் இதே கதைதான். அதனால் வலி முற்றிய நாட்களில் அவர்களையும் ஓய்வெடுக்கவே சொல்வார்கள். உங்கள் கன்றை இன்று கயிறு பிடித்து நடத்தினால், ஒவ்வொரு அடியிலும் மருந்து போகும் வழியை நீங்களே அடைக்கிறீர்கள்.

மூன்று நாள் ஊசியில் நன்றாகி, மறுபடி வீங்கியதற்கும் காரணம் அங்கேதான். வலி ஊசி வீக்கத்தையும் காய்ச்சலையும் இறக்கியது. ஆன்டிபயாடிக் ரத்தத்தில் இருந்த கிருமியைக் குறைத்தது. மூட்டுக்குள் கிருமி ஃபைப்ரின் என்ற வெள்ளைக் கசடுக்குள் ஒளிந்திருக்கும். அந்தக் கசடுக்கு ரத்த ஓட்டம் கிடையாது, மருந்து மெதுவாகத்தான் ஊறும். ஆகவே மூட்டு அழற்சிக்கு ஆன்டிபயாடிக் குறைந்தது இரண்டு வாரம், பெரும்பாலும் மூன்று வாரம் தொடர வேண்டும். எந்த மருந்து என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்; மைக்கோபிளாஸ்மா என்ற கிருமிக்குச் செல்சுவரே கிடையாது, பென்சிலின் வகை மருந்துகள் அதனிடம் பலிக்காது. முதல் ஊசி போடும் முன்பே மூட்டு நீரை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவது நல்லது. நீங்கள் ஏற்கெனவே மருந்து போட்டுவிட்டதால் மருந்தின் பெயர், அளவு, தேதி மூன்றையும் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள்.

தொப்புளையும் காட்டுங்கள். கன்றை மல்லாத்தி, வயிற்றைத் தளர விட்டு, தொப்புள் அடியை இரண்டு விரலால் மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். விரல் தடிமனில் கெட்டியாக, தொட்டால் கன்று முனகும்படி இருந்தாலோ, சீழ் கசிந்தாலோ நோயின் ஊற்று இன்னும் மூடவில்லை என்று அர்த்தம். அதைச் சுத்தம் செய்யாமல் மூட்டுக்கு மட்டும் மருத்துவம் பார்த்தால், வடிந்த மூட்டுக்கு ரத்தம் திரும்பத் திரும்பக் கிருமியைக் கொண்டுவந்து சேர்க்கும். மேலே ஆறியது போலத் தெரிந்தாலும் உள்ளே கட்டி இருக்கலாம். ஸ்கேன் செய்தால் தெரியும்.

மூட்டைக் கழுவுவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மயக்க மருந்து கொடுத்து, மூட்டின் இரு பக்கமும் தடித்த ஊசி குத்தி, ஒரு பக்கம் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசலைச் செலுத்தி மறுபக்கம் வடிய விடுவார்கள். ஒரு மூட்டுக்கு ஒரு லிட்டராவது வேண்டும். வீங்கிய முதல் சில நாட்களில் செய்தால் இதில் நல்ல பலன் உண்டு. சீழும் குருத்தெலும்பை அரிக்கும் என்சைம்களும் வெளியேறும், அழுத்தம் இறங்கும், ரத்தம் திரும்ப ஓடும். நாள் கடந்தால் கசடு ஊசியை அடைத்துக்கொள்ளும், மூட்டைத் திறந்துதான் கழுவ வேண்டிவரும். அதற்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய ஆஸ்பத்திரிதான் இடம். வீட்டில் பிளேடால் கீறிச் சீழ் எடுக்கிறேன் என்று இறங்காதீர்கள். புதுக் கிருமிக்கு வாசல் திறந்துவிடுவது போலாகும்.

வலி ஊசிக்கு மெலாக்சிகம் கேளுங்கள். அளவு கிலோவுக்கு 0.5 மில்லி கிராம். 25 கிலோ கன்றுக்கு 12.5 மில்லி கிராம், அதாவது மில்லிக்கு 5 மில்லி கிராம் உள்ள மருந்தில் 2.5 மில்லி. எத்தனை நாள் இடைவெளி என்பதை மருத்துவர் சொல்வார். பால் குடிக்காமல் வற்றிப்போன கன்றுக்கு வலி ஊசி போட்டால் சிறுநீரகம் கெடும், வயிற்றில் புண் வரும். முதலில் நீர்ச்சத்து ஏற வேண்டும். டைக்ளோபினாக் வேண்டவே வேண்டாம். கால்நடைகளுக்கு அதைப் பயன்படுத்த 2006-லேயே தடை வந்துவிட்டது. கீட்டோபுரோபனுக்கும் அசிக்ளோபினாக்குக்கும் 2023-ல் தடை வந்தது. மருந்து போட்ட மாடு செத்து, அதைத் தின்னும் பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து சாகின்றன. உங்கள் பக்கத்து மாயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் அவை கொஞ்சநஞ்சம் மிச்சம் இருக்கின்றன. மனிதருக்கு விற்கும் ஊசியை வாங்கி மாட்டுக்குப் போடும் பழக்கம் இன்னும் போகவில்லை.

வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது இனி. சிமெண்ட் தரையில் போடாமல், மண் தரையில் அரை அடிக்கு உலர்ந்த வைக்கோல் பரப்பிப் படுக்க விடுங்கள். ஈரமான வைக்கோலைத் தினமும் மாற்ற வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வையுங்கள். ஒரே பக்கம் கிடந்தால் அடிப்பக்கத்துத் தசைக்கு ரத்தம் போகாமல் புண் வரும். வீங்கிய மூட்டில் பத்து நிமிடம் குளிர்ந்த நீரை மெதுவாக ஊற்றி, துடைத்து உலர்த்துங்கள். ஒரு நாளைக்கு மூன்று முறை போதும். பனி அடிக்கும் காலையில் வேண்டாம், வெயில் ஏறிய பிறகு செய்யலாம். இந்தக் கட்டத்தில் வெந்நீர் ஒத்தடம், சூடான எண்ணெய், மூலிகைப் பற்று எதுவும் கூடாது. குருத்தெலும்பைக் கரைக்கும் என்சைம்கள் சூடு ஏற ஏற வேகமாக வேலை செய்யும். சூடு போடுவதில் தோல் வெந்து, அந்தப் புண்ணுக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும். உள்ளே இருக்கும் கிருமிக்கு அது எட்டவே எட்டாது. துணியை இறுக்கிக் கட்டுவதும் தப்பு. குளம்பு குளிர்ந்து, கட்டுக்குக் கீழே வீங்கியிருந்தால் ரத்தம் நின்றுவிட்டது, உடனே அவிழ்க்க வேண்டும்.

பால் ஒரு நாளைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். நெஞ்சு தரையில் படும்படி நிமிர்த்தி உட்கார வைத்துத் தலையைத் தூக்கிப் புகட்டுங்கள். பக்கவாட்டில் கிடக்கும் கன்றுக்கு ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும்.

எப்போது அசைக்கத் தொடங்கலாம் என்பதற்கு நாள் கணக்கு வேண்டாம், அறிகுறியைப் பாருங்கள். வலி ஊசியின் வேகம் தீர்ந்த பிறகும் இரண்டு நாள் தொடர்ந்து காய்ச்சல் 103 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போகக் கூடாது. புறங்கையை வைத்துப் பார்த்தால் வீங்கிய மூட்டும் நல்ல மூட்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். தையல்காரர் டேப்பால் தினமும் ஒரே இடத்தில் சுற்றளவு எடுத்து எழுதுங்கள். குறைந்துகொண்டே வர வேண்டும். மூன்றும் சேர்ந்து வந்தால் தொடங்கலாம். இதைத் தள்ளிப்போடுவதும் ஆபத்து, இங்கேதான் மாமியார் சொன்னது உண்மையாகிறது. பாதி மடக்கினால் வலி குறைவாக இருப்பதால் கன்று முட்டியை அப்படியே வைத்துக்கொள்ளும். அப்படியே விட்டால் கசடு நாராக மாறி மூட்டுறையை ஒட்டிப் பிடிக்கும், தசைநார் சுருங்கும், பிறகு கால் நீளவே நீளாது. அசையாத மூட்டில் குருத்தெலும்பும் பட்டினி கிடந்து மெலியும்.

முதல் இரண்டு மூன்று நாள் கன்றைப் படுக்க வைத்து, நீங்களே மூட்டை மடக்கி நீட்டுங்கள். ஒரு கை மூட்டுக்கு மேலே எலும்பைப் பிடிக்கட்டும், இன்னொரு கை கீழே. கன்று காலை இழுக்கும் இடத்துக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே நிறுத்தி, மூன்று எண்ணும் வரை பிடித்து விடுங்கள். ஒரு மூட்டுக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. இப்போது வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுக்கலாம். ரத்த ஓட்டம் கூடி மூட்டு இளகும். தோள், தொடைத் தசைகளை உடம்பை நோக்கி மெதுவாக உருவலாம், மூட்டைத் தேய்க்க வேண்டாம். அடுத்து, வயிற்றுக்குக் கீழே சாக்கை மடித்துப் போட்டு இரண்டு பேர் தூக்கிப் பிடித்து நிற்க வையுங்கள். ஐந்து நிமிடம், நாளைக்கு நான்கு முறை, மணல் பரப்பில். கன்று தானே எட்டு வைத்தால் விடுங்கள், இழுத்து நடத்த வேண்டாம். மறுநாள் காலை மூட்டு மீண்டும் சூடாகவோ டேப்பில் அரை சென்டிமீட்டர் கூடியோ இருந்தால் முந்தைய படிக்குத் திரும்புங்கள். முட்டி நீளாமல் போனால் பிவிசி குழாயை நீளவாக்கில் பிளந்து, பஞ்சு நிறைய வைத்துக் கட்டலாம். மருத்துவர் முதல் முறை கட்டிக் காட்டட்டும். தினமும் அவிழ்த்துத் தோலைப் பார்ப்பது கட்டாயம்.

தேறுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஒரு மூட்டு வீங்கி முதல் சில நாளில் வைத்தியம் ஆரம்பித்த கன்று பெரும்பாலும் நன்றாகிவிடும். மூன்று மூட்டு, அதுவும் ஒரு முறை திரும்பி வீங்கியது என்றால் வாய்ப்பு குறைவு. மூன்று வார மருந்துக்குப் பிறகும் மூட்டு கெட்டித்து அசையாமல் இருந்தால், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு மேலே செலவு செய்வதைப் பற்றி முடிவெடுங்கள். கண்ணில் வெண்மை படர்ந்தாலோ, கழுத்தைப் பின்னுக்கு வளைத்தாலோ தொற்று மூளைக்குப் போயிருக்கலாம். அன்றே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஈனப் போகும் மாட்டுக்கு: ஈனும் இடத்தில் பழைய வைக்கோலை வாரிவிட்டுச் சுண்ணாம்பு தூவி, உலர்ந்த புது வைக்கோல் போட்டு வையுங்கள். கன்று விழுந்ததும் கொடி வயிற்றிலிருந்து இரண்டு அங்குலத்துக்கு மேல் தொங்கினால் வெந்நீரில் கொதித்த கத்தரியால் வெட்டுங்கள். ரத்தம் கசிந்தால் மட்டும் கொதிக்க வைத்த நூலால் கட்டுங்கள். வாய் அகன்ற சின்னக் குப்பியில் 7 சதவீத டிஞ்சர் அயோடினை ஊற்றி, கொடி முழுவதும் உள்ளே இருக்கும்படி அரை நிமிடம் முக்குங்கள். பஞ்சால் தடவினால் உள்வாய்க்குப் போகாது. வயிற்றுத் தோலில் வழிய விடாதீர்கள், வெந்துவிடும். மூன்று நாள், காலையும் மாலையும். மஞ்சளும் எண்ணெயும் அயோடினுக்கு ஈடாகாது. எண்ணெய் கொடியைக் காயவும் விடாது. சீம்பால் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு லிட்டராவது உள்ளே போக வேண்டும், ஆறு மணி நேரத்துக்குள் இரண்டரை லிட்டர். நச்சுக்கொடி விழட்டும் என்று சீம்பாலுக்குக் காத்திருக்க வேண்டாம். சீம்பாலின் எதிர்ப்புச் சக்தியைக் கன்றின் குடல் ரத்தத்துக்கு அனுப்புவது நேரம் போகப்போகக் குறைந்து, ஒரு நாளில் அநேகமாக நின்றே போகும்.