கழுத்து ஊசியும் தோள் தசையும்

கேள்வி: வயது 29. வாரத்தில் மூன்று நாள் ஜிம்மில் எடை தூக்குகிறேன். தோள் மேடு ஏறி, கழுத்து குட்டையாகத் தெரிகிறது. இரண்டு மாதத்தில் கல்யாணம். போடாக்ஸ் போட்டால் கழுத்து மெலியும் என்கிறார்களே, போடலாமா?

பதில்: பெயர்தான் கழுத்து ஊசி, போடுவது தோளில். கழுத்தடியிலிருந்து தோள்முனை வரை சரிந்து இறங்கும் ட்ரபீசியஸ் தசையின் மேல்பகுதியை இந்த மருந்து தளர்த்துகிறது. வேலை குறைந்த தசை வாரக்கணக்கில் சுருங்குவதால் தோளின் சரிவு இறங்கி, கழுத்து நீளமாகத் தோன்றுகிறது. டேப் வைத்து அளந்தால் கழுத்துச் சுற்றளவு அப்படியேதான் இருக்கும்.

முதலில் அந்த மேடு தசைதானா என்று பாருங்கள். தோளைக் காதருகே தூக்கும்போது விரலுக்கடியில் கெட்டியாகத் திரண்டால் தசை. தொளதொளவென்று பிடிபட்டால் கொழுப்பு. அதற்கு இந்த ஊசி வீண். பிடரியில் மட்டும் திமில் போல் வீங்கியிருந்தால் அழகு கிளினிக்கைவிட பொது மருத்துவரிடம் போவதே சரி. நீண்டநாள் ஸ்டீராய்டு மாத்திரையோ, உடலில் சுரக்கும் கார்ட்டிசால் ஹார்மோனின் மிகுதியோ காரணமாக இருக்கலாம்.

வழக்கமான அளவு ஒரு பக்கத்துக்கு 20 முதல் 50 யூனிட். ஐந்தாறு இடங்களில் பிரித்துப் போடுவார்கள். 100 யூனிட் குப்பியை 2 மில்லி சலைனில் கரைத்தால் 0.1 மில்லியில் 5 யூனிட் இருக்கும். உங்கள் கண்முன் குப்பியைத் திறக்கச் சொல்லி, பிராண்டையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். போடாக்ஸ் யூனிட்டும், அதே வகை மருந்தின் இன்னொரு பிராண்டான டிஸ்போர்ட் யூனிட்டும் ஒன்றல்ல. ‘100 யூனிட் இவ்வளவு ரூபாய்’ என்று மட்டும் சொல்லும் விலைப்பட்டியலை நம்பிப் பயனில்லை.

தவறு பெரும்பாலும் ஊசி நுழையும் இடத்தில்தான் நடக்கிறது. தோளுக்குக் கீழே நுரையீரலின் நுனி இருக்கிறது. அதனால் தசையை விரல்களால் கிள்ளித் தூக்கி, அந்த மடிப்புக்குள்ளேயே போட வேண்டும். ஆழமாக இறங்கினால் நுரையீரலில் துளை விழ வாய்ப்புண்டு. கழுத்தின் முன்பக்கம் மருந்து பரவினால் விழுங்கச் சிரமமாகும், தலையணையிலிருந்து தலை தூக்கவே கஷ்டப்படும். அளவு கூடினால் கையைத் தலைக்கு மேல் தூக்கும்போது தோள் சோர்ந்துபோகும். பக்கத்துத் தசைகள் அந்தச் சுமையை ஏற்று வலிக்கும். ஏற்பட்ட தளர்ச்சியை உடனே சரிசெய்யும் மருந்து கிடையாது. விளைவு தணியும்வரை, மூன்று நான்கு மாதங்கள், பொறுத்திருக்க வேண்டியதுதான். எடை தூக்கும் உங்களுக்குக் குறைந்த அளவில் தொடங்குவதே புத்திசாலித்தனம். மறுபடி கடுமையாக எடை தூக்கினால் மேடு திரும்பிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

மாற்றம் கண்ணுக்குத் தெரிய நான்கு முதல் எட்டு வாரம் பிடிக்கும். போடுவதானால் இப்போதே, முகூர்த்தத்துக்கு முந்தைய வாரம் போட்டால் நீலக்கன்றல்தான் மிஞ்சும். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், மயஸ்தீனியா கிராவிஸ் போன்ற நரம்பு–தசை நோய் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். போட்டபின் பேச்சு குளறினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ, சில வாரம் கழித்து வந்தாலும்கூட, நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: போட்டு இரண்டு வாரமாகிறது, தோள் இறங்கவே இல்லை. இன்னொரு டோஸ் கேட்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் தசை பலம் குறையும், பருமன் அதன் பிறகுதான் குறையும். எட்டு வாரம் முடியட்டும். அடிக்கடி போட்டால் உடல் எதிர்ப்புப் புரதம் உண்டாக்கி, பிறகு மருந்து வேலை செய்யாமல் போகலாம். இரண்டு தடவைக்கு நடுவே மூன்று மாதமாவது இடைவெளி வேண்டும்.