270-க்கு எந்த வழி? ஊசலாடும் மாநிலங்கள் பற்றிய கேள்வி பதில்

அமெரிக்க அதிபர் தேர்தல் இழுபறியாகும்போது சில மாநிலங்கள் மட்டும் முடிவைத் தீர்மானிப்பது எப்படி என்று பலர் கேட்டிருந்தார்கள். அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கேள்வி: ஐம்பது மாநிலங்கள் இருக்க, எப்போதும் ஏழு மாநிலங்களைப் பற்றியே பேசுகிறார்களே. அந்த ஏழு மாநிலங்களைத் தேர்ந்தெடுத்தது யார்?

பதில்: யாரும் அறிவித்த பட்டியல் இல்லை. முந்தைய தேர்தலின் முடிவே பட்டியலைத் தந்துவிடும். 2020-இல் 3 சதவீதத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில் முடிந்த மாநிலங்களை எடுங்கள்: ஜார்ஜியா, அரிசோனா, விஸ்கான்சின், பென்சில்வேனியா, வடக்கு கரோலினா, நெவாடா, மிச்சிகன். சரியாக ஏழு. 2024-இல் இரு கட்சிகளும் பணத்தையும் ஆட்களையும் இறக்கியது இங்கேதான்.

அதிபரை முடிவுசெய்வது தேர்வாளர் வாக்குகள், ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை என்று ஒதுக்கப்பட்டவை அவை. மொத்தம் 538, வெற்றிக்கு 270 வேண்டும். இந்த ஏழின் பங்கு 93. மீதியில் ஜனநாயகக் கட்சியின் கமலா ஹாரிஸ் 226 பெற்றார், குடியரசுக் கட்சியின் டிரம்ப் 219 பெற்றார். ஏழும் டிரம்ப் பக்கம் சாய்ந்ததால் முடிவு 312-226 ஆனது.

கேள்வி: 2020-இல் பைடன் 70 லட்சம் வாக்குகள் கூடுதலாக வாங்கினார். அதை ஏன் இழுபறித் தேர்தல் என்கிறார்கள்?

பதில்: அந்த 70 லட்சம் எங்கே விழுந்தது என்பதுதான் விஷயம். 48 மாநிலங்களிலும் வாஷிங்டன் டி.சி.யிலும், ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கே எல்லாத் தேர்வாளர் வாக்குகளும் போகும். கலிபோர்னியாவில் ஒரு வாக்கில் ஜெயித்தாலும் 50 லட்சத்தில் ஜெயித்தாலும் பலன் ஒன்றே.

இப்போது மிக நெருக்கமாக முடிந்த மூன்று மாநிலங்களைப் பாருங்கள். பைடனின் முன்னிலை அரிசோனாவில் 10,457, ஜார்ஜியாவில் 11,779, விஸ்கான்சினில் 20,682. கூட்டினால் 43,000-க்குள். இந்த மூன்றின் 37 தேர்வாளர் வாக்குகள் மாறியிருந்தால் 306-232 என்பது 269-269 ஆகியிருக்கும். வித்தியாசம் 10,457 என்றால் அத்தனை பேரும் மனம் மாற வேண்டியதில்லை. அதில் பாதி, அதாவது 5,229 பேர் மாற்றிப் போட்டிருந்தாலே அரிசோனா கைமாறியிருக்கும்.

2016-இல் இதே கணக்கு மறுபக்கம் வேலை செய்தது. ஹிலாரி கிளின்டன் நாடு முழுவதும் சுமார் 28.7 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் தோற்றார். மிச்சிகன் (10,704), விஸ்கான்சின் (22,748), பென்சில்வேனியா (44,292) மூன்றையும் இழந்ததே காரணம். அதனால் தேசிய அளவிலான முன்னிலையை மட்டும் வைத்து ‘நெருக்கமா, இல்லையா’ என்று முடிவுகட்டாதீர்கள். வேட்பாளரை 270-ஐத் தாண்ட வைக்கும் மாநிலம் எது, அங்கே எத்தனை வாக்கு வித்தியாசம் என்று பாருங்கள்.

கேள்வி: பென்சில்வேனியாவுக்கு மட்டும் ஏன் அவ்வளவு முக்கியத்துவம்?

பதில்: ஏழில் பெரியது, 19 வாக்குகள். இன்னொரு காரணமும் உண்டு: 1992 முதல் 2024 வரை பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூன்றும் ஒவ்வொரு தேர்தலிலும் ஒரே கட்சிக்கே வாக்களித்துள்ளன. தொழிற்சாலை நகரங்கள், தொழிற்சங்கப் பாரம்பரியம், கல்லூரிப் பட்டம் இல்லாத வெள்ளையர் வாக்கு என்று மூன்றின் சமூக அமைப்பும் ஒத்திருப்பதால் ஒன்று சாய்ந்தால் மற்றவையும் சாயும்.

2024-இல் ஹாரிஸுக்கு இருந்த மிகச் சுருக்கமான வழி 226-உடன் இந்த மூன்றின் 44-ஐச் சேர்ப்பது. சரியாக 270. அந்த 226-இல் நெப்ராஸ்காவின் ஒமாஹா நகர்ப் பகுதியிலிருந்து வந்த ஒற்றை வாக்கும் அடக்கம். நெப்ராஸ்காவும் மெய்னும் மட்டும்தான் நாடாளுமன்ற (காங்கிரஸ்) தொகுதிவாரியாக வாக்குகளைப் பிரித்துத் தருகின்றன. 2024 செப்டம்பரில் நெப்ராஸ்காவின் சட்டத்தை மாற்ற நடந்த முயற்சி போதிய ஆதரவில்லாமல் நின்றுபோனது. நிறைவேறியிருந்தால் அந்த வழி 269-இலேயே முட்டி நின்றிருக்கும்.

கேள்வி: ஓஹியோ, புளோரிடா எல்லாம் என்ன ஆயின?

பதில்: பட்டியலிலிருந்து விழுந்துவிட்டன. 1964 முதல் 2016 வரை ஓஹியோவில் வென்றவரே அதிபரானார். 2020-இல் டிரம்ப் இரண்டையும் வென்று தேர்தலில் தோற்றார். 2024-இல் புளோரிடாவில் அவரது முன்னிலை சுமார் 13 சதவீதப் புள்ளி. குடிபெயர்வும் தலைமுறை மாற்றமும் பட்டியலை மாற்றிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: ஏழு மாநிலக் கருத்துக்கணிப்பிலும் ஒருவர் 1 புள்ளி முன்னிலை என்றால், ஏழில் பாதியாவது அவருக்கு வரும்தானே?

பதில்: அப்படி எண்ணுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. கணிப்பின் பிழை ஏழு மாநிலங்களிலும் தனித்தனியாக விழாது, ஒரே திசையில் சேர்ந்து விழும். ஒரு வகை வாக்காளர்கள் தொலைபேசிக் கணிப்புக்குப் பதில் சொல்லவில்லை என்றால், அவர்கள் எல்லா மாநிலத்திலும்தான் சொல்லவில்லை. 2020-இல் விஸ்கான்சின் கணிப்புகளின் சராசரி பைடனுக்கு 8 புள்ளி அளவு முன்னிலை காட்டியது. கிடைத்தது 0.6. ஆகவே 1 புள்ளி முன்னிலை என்றால் ஏழும் வரலாம், ஏழும் போகலாம். 2024-இல் ஏழும் ஒரே பக்கம் போனதில் வியப்பில்லை.

கேள்வி: எண்ணிக்கை இரவில் முன்னிலை மாறிக்கொண்டே போகிறது. எதை நம்புவது?

பதில்: முன்னிலை எண்ணைத் தனியாகப் பார்க்காதீர்கள். எண்ண வேண்டியது எவ்வளவு, எந்தக் கவுன்டியில் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு), எந்த வகை வாக்கு என்ற மூன்றையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒரு கணக்கு. ஒருவர் 30,000 வாக்குகள் பின்தங்கியிருக்கிறார், இன்னும் 2 லட்சம் எண்ண வேண்டும். அவருக்கு அதில் 1,15,000 விழுந்தால் சமன், அதாவது 57.5 சதவீதம். மீதமிருப்பது பிலடெல்பியா நகரத் தபால் வாக்குகள் என்றால் ஜனநாயகக் கட்சிக்கு அது எளிது. கிராமக் கவுன்டிகள் என்றால் நடக்காது.

பென்சில்வேனியாவிலும் விஸ்கான்சினிலும் தேர்தல் நாள் காலைக்கு முன் தபால் உறைகளைப் பிரிக்கக்கூடச் சட்டம் இடம் தரவில்லை. அதனால் நேரில் போட்ட வாக்குகள் முதலில் எண்ணப்பட்டு, தபால் வாக்குகள் பின்னால் வரும். 2020-இல் பென்சில்வேனியாவில் ஒரு கட்டத்தில் டிரம்ப் 6 லட்சத்துக்கும் மேல் முன்னிலையில் இருந்தார், முடிவில் பைடன் சுமார் 80,500 வாக்குகளில் வென்றார். வாக்குகள் திடீரென்று முளைக்கவில்லை. முன்பே வந்து உறையில் கிடந்தவைதான் பின்னால் எண்ணப்பட்டன. இதை மோசடி என்று பரப்பியவர்களால் தேர்தல் ஊழியர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஆனால் கடைசியில் வருபவை எப்போதும் ஜனநாயகக் கட்சிக்கே என்று நினைப்பதும் பிழை. அரிசோனாவில் 2020-இல் பிந்தி எண்ணப்பட்டவை டிரம்புக்குச் சாதகமாக வந்து பைடனின் முன்னிலையைக் குறைத்தன. அங்கே மாநில வாக்குகளில் ஏறத்தாழ 60 சதவீதம் மாரிக்கோபா என்ற ஒரே கவுன்டியில் இருக்கிறது. கடைசி நாளில் கொண்டுவந்து போடும் தபால் உறைகளின் கையெழுத்தைச் சரிபார்க்கவே நாள்கள் ஆகும்.

கேள்வி: மறு எண்ணிக்கையில் முடிவு மாற வாய்ப்பு உண்டா?

பதில்: வித்தியாசம் சில நூறு என்றால் உண்டு, ஆயிரக்கணக்கில் என்றால் நம்பவே வேண்டாம். விஸ்கான்சினில் 2016-இல் மாநிலம் முழுக்க மறுபடி எண்ணியதில் டிரம்பின் முன்னிலை 131 கூடியது. 2020-இல் இரண்டு பெரிய கவுன்டிகளில் எண்ணியதில் பைடனுக்கு 87 கூடியது. ஜார்ஜியாவில் 2020-இல் கையால் எண்ணியபோது, ஃபிளாய்ட் கவுன்டியில் ஸ்கேன் செய்யாமல் விட்ட சுமார் 2,600 சீட்டுகள் அகப்பட்டன. பெரிய பிழைதான், அதுவும் முடிவை மாற்றவில்லை.

புளோரிடா 2000 வேறு கதை. முதல் எண்ணிக்கையில் 1,784 ஆக இருந்த குடியரசுக் கட்சி வேட்பாளர் ஜார்ஜ் புஷ்ஷின் முன்னிலை இயந்திர மறு எண்ணிக்கையில் 327 ஆகச் சுருங்கியது. அட்டையில் துளையிட்டு வாக்களிக்கும் முறை அது. துளைத்த துண்டு முழுதாக விழாமல் தொங்கினால் இயந்திரம் வாக்கைப் படிக்காது. அவற்றைக் கையால் எண்ணுவதை டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. புஷ் 537 வாக்குகளில் மாநிலத்தையும், 271 தேர்வாளர் வாக்குகளில் பதவியையும் பெற்றார்.

கேள்வி: மூன்றாவது வேட்பாளர்கள் வாக்கைப் பிரித்ததால்தான் தோல்வி என்பது உண்மையா?

பதில்: பாதி உண்மை. 2016-இல் மிச்சிகனிலும் விஸ்கான்சினிலும் பசுமைக் கட்சியின் ஜில் ஸ்டைன் வாங்கியது டிரம்பின் முன்னிலையை விட அதிகம். ஆனால் லிபர்டேரியன் கட்சியின் கேரி ஜான்சன் அவரை விட அதிகம் வாங்கினார். இவர்கள் இல்லாவிட்டால் அந்த வாக்குகள் யாருக்குப் போயிருக்கும்? பலர் வாக்குச்சாவடிக்கே வந்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: 269-269 என்று வந்தால்?

பதில்: புதிதாகத் தேர்வான பிரதிநிதிகள் சபை அதிபரைத் தேர்ந்தெடுக்கும். அங்கே தலைக்கு ஒரு வாக்கு கிடையாது, மாநிலத்துக்கு ஒரு வாக்கு. 54 தேர்வாளர் வாக்குள்ள கலிபோர்னியாவுக்கும் ஒன்று, 3 உள்ள வயோமிங்குக்கும் ஒன்று. 26 மாநிலங்கள் வேண்டும். இது பெரும் அநியாயம் என்றே நான் கருதுகிறேன். 1824 தேர்தலில் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் இப்படித்தான் ஜான் குவின்சி ஆடம்ஸ் அதிபரானார். துணை அதிபரைத் தேர்ந்தெடுப்பது செனட், அங்கே உறுப்பினருக்கு ஒரு வாக்கு. சபையும் செனட்டும் வெவ்வேறு கட்சிகளிடம் இருந்தால் அதிபர் ஒரு கட்சி, துணை அதிபர் மறு கட்சி என்றும் ஆகலாம்.